ஒன்றாம் வகுப்பில் யார் கை எதைத் தொடுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜூன் மாதக் கடைசி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்துச் சுற்ற வேண்டும், நான் ஓர் எண்ணைச் சொன்னதும் அத்தனை பேராகச் சேர்ந்து உட்கார வேண்டும். எண்களை அறிமுகம் செய்ய எல்லோரும் ஆடவைக்கிற விளையாட்டுதான். ஒரு சிறுமி வட்டத்தில் நின்றாள், ஆனால் பக்கத்துப் பையனின் கையைப் பிடிக்கவில்லை. சட்டையில் ஊக்கால் குத்தியிருந்த கைக்குட்டையைக் கழற்றி, ஒரு முனையை அவனிடம் நீட்டினாள், மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். அவனும் எதுவும் கேட்காமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா, கையப் புடிக்க மாட்டியா?" என்றேன்.

"ஆயா அடிக்கும் சார்."

அவள் ஊர்த்தெரு. அவன் காலனி. இருவருக்கும் 'அ' எழுதத் தெரியாது. ஆனால் இந்தப் பாடத்தை இருவருமே பிழையில்லாமல் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அவள் செய்ததைவிட, அவன் அதை அவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டதுதான் என்னை அன்று முழுக்க அலைக்கழித்தது.

செய்து கற்பது, தொட்டுக் கற்பது, விளையாடிக் கற்பது என்றெல்லாம் கல்வியாளர்கள் பேசும்போது அதை ஏதோ பயிற்சி முகாம் சமாச்சாரமாக நாம் ஒதுக்கிவிடுகிறோம். இட ஒதுக்கீடு, நீட், உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதிகளின் அவலம் என்று சாதி ஒழிப்பு இயக்கங்கள் கல்வி பற்றிப் பேசியவை ஏராளம். அவை அத்தனையும் வேண்டியவையே. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை முதல்முறையாகத் தன் தெருவைத் தாண்டி வேறு தெருப் பிள்ளையோடு ஒரே பாயில் உட்காரும் இடம் ஒன்றாம் வகுப்பு. அங்கே என்ன முறையில் பாடம் நடக்கிறது என்பது சாதி பற்றிய கேள்வி இல்லையா?

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மூலையில் தனியாக உட்கார வேண்டும். உட்காருவதற்கான சாக்குத் துண்டை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் எடுத்துப் போக வேண்டும். பள்ளியைப் பெருக்குகிறவர்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர், அவர் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாக்கு, குழாய் என்று அவர் நினைவில் தங்கியவை எல்லாமே தொடுதல் சம்பந்தப்பட்டவை.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்த கதை பலருக்கு நினைவிருக்கும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அன்றைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் முன்முயற்சியில் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்றார்கள். அன்று பல ஆசிரியர்களுக்கு வந்த கோபத்துக்கு மூட்டு வலி மட்டும் காரணம் என்று இன்றும் நான் நம்பவில்லை. சேரிப் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைக்க வேண்டும், அவன் எச்சில் தொட்டுப் புரட்டிய அட்டையைத் தன் கையில் வாங்க வேண்டும். பிரம்பு இருந்தவரை அந்தத் தூரத்தைப் பிரம்பு காப்பாற்றிக் கொடுத்தது.

அந்த முறையில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து ஏறலாம். எங்கள் பகுதியில் பொங்கல் முடிந்தால் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும், பிள்ளைகளும் கூடவே போகும். மூன்று மாதம் கழித்து வந்தால் வழக்கமான வகுப்பில் பாடம் எங்கோ போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் விழும், பிறகு அந்தப் பெயர் அதன் சாதிக்கே விழும். ஏணி முறையில் அது விட்ட அட்டையைத் தேடி எடுத்து அங்கிருந்து தொடங்கிவிடும். நடுவில் எங்கே போனாய் என்ற விசாரணை இல்லை.

இப்படிப் புகழ்ந்துவிட்டு நான் சொல்லியே ஆக வேண்டிய ஒரு மறுப்பு இருக்கிறது. அதைச் சொன்னவர் ஒரு சூளைத் தொழிலாளி. களிமண்ணில் எழுத்து வடிவம் செய்யும் நாள் அது. மகனின் சட்டையெல்லாம் மண். மறுநாள் காலை அந்த அம்மா வந்து வாசலில் நின்றார்.

"சார், நாங்க பொழுதன்னிக்கும் மண்ணுலதான் கெடக்கறம். எம் புள்ளயும் மண்ணப் பெசையவா இங்க அனுப்பறன்? நோட்டுல எழுதக் கத்துக் குடுங்க சார்."

எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த விளக்கங்கள் எல்லாம் நாக்கோடு நின்றுவிட்டன. விரல் தசைகள் வலுப்பெறும், பிறகு பென்சில் பிடிக்க வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவருடைய விரல்கள் போதுமான அளவுக்கு வலுவாகத்தான் இருந்தன.

அவருடைய அச்சத்துக்கு இந்த மண்ணில் வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக் கல்வி என்று பெரியார் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அதற்கு முன்பே, 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்ததுதான். கைவேலையின் மேன்மை பற்றி மேலிருந்து யாராவது பேசினாலே சந்தேகப்படும் உரிமை நம் மக்களுக்கு உண்டு. கையை நம்பி வாழச் சபிக்கப்பட்டவர்கள் எழுதுகோலைக் கேட்கிறார்கள். அதில் என்ன தவறு?

ஆனாலும் அந்த அம்மாவோடு நான் உடன்படவில்லை. காரணம் இதுதான். குலக் கல்வி ஒவ்வொரு தொழிலையும் ஒவ்வொரு சாதியோடு முடிச்சுப் போட்டது. குயவர் பிள்ளைக்கு மண், சலவைத் தொழிலாளி பிள்ளைக்குத் துறை, பார்ப்பனப் பிள்ளைக்கு ஏடு. ஒன்றாம் வகுப்புக் களிமண்ணோ எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒட்டுகிறது. கிராம நிர்வாக அலுவலரின் பேத்தியும் பிசைகிறாள், சூளைக்காரர் மகனும் பிசைகிறான், இரண்டு பேரும் அதே நாளில் 'ட' செய்கிறார்கள். சொல்லப்போனால் அவன்தான் அழகாகச் செய்தான். மண்ணின் பதம் அவனுக்குத் தெரியும், மற்றவர்கள் அவனிடம் போய்க் கேட்டார்கள். காஞ்ச அய்லய்யா குழந்தைகளுக்காக 2007இல் உழைப்பின் மாண்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பானை வனைவதும் தோல் பதனிடுவதும் முடிதிருத்துவதும் அறிவு சார்ந்த செயல்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த நூலில் இருப்பதை எங்கள் வகுப்பு அன்று ஒரு மணி நேரம் செய்துபார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவைக்கிறேன் என்று சொன்னேன், எழுதவைத்தேன். இரண்டும் வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

கைக்குட்டைச் சிறுமிக்கு வருகிறேன். அவளிடம் நான் தீண்டாமை பற்றிப் பாடம் எடுக்கவில்லை. ஆயாவைத் திட்டினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆயாதான் சரியாகப் படும். ஆகஸ்ட்டில் பத்துக்கு மேல் எண்கள் வந்தன. பத்துக் குச்சிகளைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டால் அது ஒரு பத்து. அந்த வயதில் ஒரு பிள்ளையால் தனியாக அதைச் செய்ய முடியாது. ஒருவர் இறுக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் வளையத்தை மாட்ட முடியும். வேண்டுமென்றே அவளையும் அவனையும் சேர்த்துவிட்டேன். முதல் கட்டு சிதறியது. இரண்டாவதும் சிதறியது. மூன்றாவது முறை, "ஏய், கெட்டியாப் புடிடா" என்று அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். மற்ற ஜோடிகள் முந்திக்கொண்டிருந்த அவசரத்தில் ஆயா மறந்துபோயிருக்க வேண்டும். வீட்டில் சொன்னாளா, அடி வாங்கினாளா, தெரியாது. அதற்குப் பிறகு பள்ளியில் அந்தக் கைக்குட்டை மூக்குத் துடைக்க மட்டுமே பயன்பட்டது.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ஆண்டில் நானே செய்த ஒன்று இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் சிதறிய புளியங்கொட்டைகளைப் பொறுக்க, பாயைச் சுருட்ட, குப்பையைக் கூட்ட யாரையாவது கூப்பிடுவேன். வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொடுத்தனுப்பவும் யாரையாவது கூப்பிடுவேன். கண்ணில் பட்ட பிள்ளையைக் கூப்பிடுவதாகத்தான் நினைத்திருந்தேன். டிசம்பரில் ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோது, துடைப்பத்துக்கு என் வாயில் வந்த பெயர்கள் எல்லாம் ஒரு தெரு, பதிவேட்டுக்கு வந்த பெயர்கள் எல்லாம் இன்னொரு தெரு. இத்தனைக்கும் நான் சாதி மறுப்பு பேசுகிற ஆள். அதன்பிறகு பெயர்ப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். துடைப்பம் உட்பட எல்லா வேலையும் வரிசைப்படி எல்லோருக்கும் வரும். ஊர்த்தெருவிலிருந்து ஒரு தகப்பனார் வந்து, "எம் பொண்ணு கையில தொடப்பத்தக் குடுத்தீங்களாமே?" என்று சண்டை பிடித்தார். அதுவரை வேறு பிள்ளைகள் கூட்டியபோது யாரும் வந்து கேட்டதில்லை.

துடைப்பத்திலிருந்து கழிவறை அதிகத் தூரம் இல்லை. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்த தலைமையாசிரியர், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் கைது செய்யப்பட்டார். மேல் வகுப்புகளில் கைக்கு வேறு வேலை வருகிறது. நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிறு கட்டும் வயதுக்கு முன்பே, ஆறு வயதில் அந்தக் கை என்ன பழகியது என்று யாராவது பார்த்தோமா?

இப்போது தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாட்டும் கதையும் கைவேலையுமாகக் கற்பிக்கிறோம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான், வகுப்புகளோ ஐந்து. ஒருவர் செயலியில் மதிப்பீடு பதிந்துகொண்டிருந்தால் பாயில் யார் உட்காருவது? அட்டை, பசை, வண்ணம் எல்லாம் பல இடங்களில் ஆசிரியரின் சொந்தக் காசு. ஆளும் பொருளும் இல்லாமல் செயல்பாடு நடந்தால் அது வெறும் விளையாட்டாகத் தேயும். நோட்டு கேட்ட அந்த அம்மாவின் சந்தேகம் அப்போது உண்மையாகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், காலை எட்டு மணிக்கு ஊர்த்தெருவுக்கு வரும் மஞ்சள் வேன். கைக்குட்டைச் சிறுமியும் இரண்டாம் வகுப்புக்கு அந்த வேனில் ஏறிவிட்டாள். ஆங்கில வழிதான் காரணம் என்று மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவள் அப்பா சொன்னார். இருக்கலாம். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் போனார்கள். இன்று பல கிராமங்களில் அரசுத் தொடக்கப் பள்ளி என்பது நடைமுறையில் காலனிப் பள்ளி. வட்டம் இருக்கிறது, கைகளும் கோத்துக்கொள்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே தெருவின் கைகள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் தோழர்கள் பலர் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். பெரும்பாலான கூட்டங்கள் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி என்று கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அரை மணி நேரம் முன்னதாகப் போய் ஒன்றாம் வகுப்புப் பாயில் உட்காருங்கள். யார் பக்கத்தில் யார், தண்ணீர் எடுத்துவருவது யார், துடைப்பம் யார் கையில் என்று பாருங்கள். ஆசிரியரிடம் குச்சிக்கட்டு இருக்கிறதா, அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டதைக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.