நடுக் குடும்பத்தின் வருமானத்தை அறிவது எவ்வாறு?

ஒரு வட்டாரத்து மக்கள் முன்னிலும் நன்றாக வாழ்கின்றனரா என்று வினவினால், சராசரி வருமானத்தைக் காட்டி விடை கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சிற்றூர்களைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பது என் கருத்து.

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த அதியன்னூரையும், தெற்கே தமிழகத்தின் எல்லையை ஒட்டிய பாறசாலையையும் எடுத்துக்கொள்வோம். தென்னையும் மரச்சீனியும் பயிரிடுவோர், ரப்பர் பால் வெட்டுவோர், தறி நெய்வோர், கடலுக்குச் செல்வோர், வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தால் வாழ்வோர் எனப் பலவகைக் குடும்பங்கள் இப்பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றன. எடுத்துக்காட்டாக, ஏழு குடும்பங்களின் மாத வருமானம் 8,000, 10,000, 12,000, 15,000, 18,000, 22,000, 1,25,000 ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 30,000 ரூபாய். ஆறு குடும்பங்கள் அத்தொகையைக் கண்டதேயில்லை. வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமாகிய 15,000 ரூபாயே இடைநிலை எனப்படும். கடைசிக் குடும்பத்தின் வருமானம் 1,95,000 ரூபாயாக உயர்ந்தால் சராசரி 40,000 ஆகிவிடும், இடைநிலையோ அசையாது. ஊரின் பொதுநிலையை உரைப்பது இதுவேயாகும்.

ஆயினும் இடைநிலையை அறிவது எளிதன்று. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, தன் 9, 14, 19, 24-ஆம் சுற்றுகளில் வருமானத்தைப் பற்றியும் வினவிப் பார்த்தது. நுகர்வையும் சேமிப்பையும் கூட்டிய தொகையைவிட, மக்கள் கூறிய வருமானம் குறைவாகவே வந்தது, அம்முயற்சி கைவிடப்பட்டது. 2022-23-ஆம் ஆண்டு ஆய்வில் கேரளக் கிராமங்களுக்குக் கிடைத்த 5,924 ரூபாய் என்பது ஒருவருடைய மாத நுகர்வுச் செலவின் சராசரி. அதை அதியன்னூர்க் குடும்பத்தின் வருமானத்துக்கு ஈடாகக் கொள்வோர், சராசரியை இடைநிலையாகவும், செலவை வரவாகவும், ஆளைக் குடும்பமாகவும், மாநிலத்தை ஊராகவும் கொள்கின்றனர். 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு ஊர்தோறும் நடந்தது. ஆனால் குடும்பத்தில் மிகுதியாகச் சம்பாதிப்பவர் ஒருவருடைய வருமானத்தையே, 5,000-க்குக் கீழ், 10,000 வரை, அதற்கு மேல் என மூன்று வகுப்புகளில் அது பதிவு செய்தது. குடும்ப வருமானத்துடன் அதனை ஒப்பிடுதல் தகாது.

மாதிரியின் அளவும் கருதத்தக்கது. குலுக்கல் முறையில் 100 குடும்பங்களைத் தேர்ந்து வருமான வரிசையில் நிறுத்தினால், ஊரின் உண்மையான இடைநிலை 40-ஆம் குடும்பத்துக்கும் 61-ஆம் குடும்பத்துக்கும் இடையே இருக்கும் என்று ஏறத்தாழ 95 விழுக்காடு உறுதியுடன் கூறலாம். 400 குடும்பங்களாயின் அவ்வெல்லை 181 முதல் 220 வரை சுருங்கும். இவ்வெல்லைக்குள் அடங்கும் சிறு உயர்வை முன்னேற்றம் என்று அறிவிப்பது பிழை. அமெரிக்க நாட்டில் 65,000 பேருக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள சிறு மாவட்டங்களுக்கு, ஐந்தாண்டுத் தரவுகளைச் சேர்த்தே இவ்வகை மதிப்பீட்டை வெளியிடுகின்றனர். ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு மதிப்பீடுகளை ஒப்பிடலாகாது என்றும் எச்சரிக்கின்றனர்.

காலத்தோடு ஒப்பிடுகையில் மூன்றைக் காத்தல் வேண்டும். முதலாவது எல்லை: அருகிலுள்ள விழிஞ்ஞம் ஊராட்சி 2010-இல் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது, அதற்கு முந்திய வட்டாரக் கணக்கும் பிந்தியதும் ஒரே நிலத்தைக் குறிப்பன அல்ல. இரண்டாவது விலை: வருமானம் 10,000-இலிருந்து 15,000 ஆகும்போது விலைக் குறியீட்டெண்ணும் 100-இலிருந்து 150 ஆயின், உயர்வு ஏதுமில்லை. மூன்றாவது இலக்கணம்: வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணமும், சொந்தப் புரையிடத்தில் விளைந்து வீட்டில் உண்ணப்படும் தேங்காயும் மரச்சீனியும் ஒருமுறை சேர்க்கப்பட்டால் மறுமுறையும் சேர்க்கப்படல் வேண்டும். குடும்பத்தின் ஆள்தொகையையும் உடன் குறித்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் அரியது வீட்டாரின் நம்பிக்கை. உண்மையைக் கூறினால் இளஞ்சிவப்பு நிறக் குடும்ப அட்டை பறிபோகுமோ என்று அஞ்சும் தாய், வருமானத்தைக் குறைத்தே கூறுவார். அவரைக் குற்றம் கூறுவதற்கில்லை. கணக்கெடுப்பின் தாளையும் சலுகையின் தாளையும் ஒருபோதும் இணைக்கலாகாது. அவ்வுறுதியை அரசு எழுத்தில் அளித்தல் வேண்டும். களப்பணியாளர் "வருமானம் எவ்வளவு?" என்று ஒரே வினாவில் முடிக்காமல், கூலி, விளைச்சல், மீன், தறி, வெளியூர்ப் பணம், ஓய்வூதியம் என வழிவழியாகக் கேட்டல் நன்று. மழைக்கால மாதங்களையும் தனியே வினவுதல் வேண்டும். கிடைக்காத விடையை ஊகித்து நிரப்புவதைவிட வெற்றிடமாக விடுதல் நேர்மையாகும்.

தேசிய அளவில் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு ஒன்றை 2026-இல் தொடங்குவதென 2025-இல் மத்திய அரசு அறிவித்தது. அதன் பயன், வாயிலில் நின்று வினவுவோரின் பொறுமையைப் பொறுத்ததாகும். ஆசிரியர்கள் மேற்கண்ட ஏழு குடும்பக் கணக்கை வகுப்பில் செய்து காட்டுவாராயின், நாளை அவ்வாயிலில் விடை கூறப்போகும் தலைமுறை, தன் சொல்லின் மதிப்பை உணர்ந்திருக்கும்.