மைதானத்தில் விழுந்த பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடிப் பக்கம் போனால் பார்க்கலாம். காலி மனை எங்கே கிடந்தாலும் அங்கே ஒரு பந்து உருளும். அம்பத்தூரிலும் அப்படித்தான். பூந்தமல்லியிலும் அப்படித்தான். இரண்டு செங்கல்லை வைத்தால் கோல். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டால் எல்லைக்கோடு.

ஆடட்டும். நன்றாக ஆடட்டும். ஓடி ஆடாத பிள்ளைக்கு உடம்பு தேறாது.

ஆனால் ஒரு விஷயத்தை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவது இல்லை. பந்தைத் தலையால் முட்டப் போன பையன் ஒருவன் தலைகுப்புற விழுகிறான். எழுந்திருக்கவில்லை. "டேய், கால் இருக்கிற மாதிரியே தெரியலடா" என்கிறான். அப்போது என்ன செய்வது?

பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஒருவன் கையைப் பிடிப்பான். ஒருவன் காலைப் பிடிப்பான். நெல் மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பார்கள். தலை ஒரு பக்கம் தொங்கும். எல்லாம் அன்பினால் செய்வதுதான். அந்த அவசர அன்பே பையனை ஆயுள் முழுதும் படுக்கையில் போட்டுவிடக் கூடும்.

சுண்டுவிரல் பருமன்

முதுகெலும்புக்கு நடுவே ஒரு நரம்புக் கயிறு ஓடுகிறது. தண்டுவடம் என்று பெயர். சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மூளை இடும் கட்டளை எல்லாம் அதன் வழியாகத்தான் கைக்கும் காலுக்கும் போகிறது. சூடு, குளிர், வலி எல்லாம் அதன் வழியாகத்தான் மூளைக்கு வருகிறது.

எலும்பு முறிந்தால் ஒட்டும். தண்டுவடம் நசுங்கினால் பழையபடி ஒட்டவைக்க இன்றுவரை மருந்து இல்லை. இடுப்புக்கு மேலே முதுகில் அடிபட்டால் கால்கள் போகும். கழுத்தில் அடிபட்டால் கையும் போகும், காலும் போகும். இன்னும் மேலே என்றால் மூச்சு விடுவதே கஷ்டம்.

எலும்பு மட்டும் முறிந்து, உள்ளே இருக்கும் கயிறு தப்பித்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பையனைத்தான் மூட்டையாகத் தூக்கும்போது உடைந்த எலும்பு கயிற்றை வெட்டிவிடுகிறது.

ஆகவே, விழுந்தவன் கையை காலை அசைக்க முடியவில்லை என்றால், கழுத்து வலிக்கிறது என்றால், அவனை அப்படியே விடுங்கள். தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள். உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். வாந்தி எடுத்தாலோ, அங்கிருந்து நகர்த்தியே ஆக வேண்டும் என்றாலோ, நாலைந்து பேர் சேர்ந்து தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். பிறகு பலகையில் வைத்துத் தூக்க வேண்டும். வீட்டுக் கதவைக் கழற்றினாலும் பலகைதான். மூச்சு நின்றுபோனால் மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன் மூச்சைப் பார்க்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் போதும். பள்ளிகளில் டிரில் வகுப்பு இருக்கிறது. அதில் ஒரு நாள் இதற்கு ஒதுக்கலாமே!

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் நேராக வீட்டுக்கு வருவது இல்லை என்பது தாய்மாருக்குத் தெரியும். வெயில் காலத்தில் ஏரி, குளம், கல்குவாரி என்று போவார்கள். கரையிலிருந்து தலைகீழாகப் பாய்வார்கள். போன மாதம் இரண்டு ஆள் ஆழம் இருந்த இடத்தில் இந்த மாதம் இடுப்பளவுதான் இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். நம் பிள்ளைகள் தலையை அல்லவா விடுகிறார்கள்!

கேப்டனாக இருந்த பெண்

பிரீத்தி சீனிவாசன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டு 19 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்கு அவர் கேப்டன். 1997-ல் அந்த அணியை அகில இந்தியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். நீச்சலிலும் கெட்டிக்காரி.

1998 ஜூலை 11. கல்லூரித் தோழர்களுடன் புதுவைக்குப் போயிருந்தார். கடற்கரையில் தொடையளவு தண்ணீரில் நின்றிருந்தார். அலை வாங்கியபோது காலடியில் மணல் சரிந்தது. தடுமாறியவர், நீச்சல்காரர் அல்லவா, பழக்கப்படி தண்ணீருக்குள் பாய்ந்தார். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு அதிர்ச்சி. அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அப்போது அவருக்கு வயது 18.

அங்கே முதலுதவிக்குப் போன இடத்தில் கழுத்துக்கு ஒரு பட்டையைக் கட்டி, சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் ஓடிவிட்டது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மனோதத்துவம் படிக்க ஆசைப்பட்டு, தபால் வழிக் கல்விக்கு விண்ணப்பித்தார். "கட்டிடத்தில் லிப்ட் இல்லை, சாய்வுப் பாதை இல்லை. நீங்கள் எப்படி வருவீர்கள்?" என்று கை விரித்துவிட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். படிப்பு தபாலில் வருமாம். ஆள் படி ஏறி வர வேண்டுமாம்!

பெற்றோர் இருவரும்தான் அவருக்குக் கையும் காலுமாக இருந்தார்கள். 2007-ல் தந்தை மாரடைப்பில் இறந்தார். அடுத்து தாயாருக்கும் இருதய ஆபரேஷன். அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? தன்னைப்போல் படுத்திருக்கும் ஏழைப் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 2013-ல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' என்ற அமைப்பைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக அது நடக்கிறது. தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

அவர் படித்த குடும்பம், ஆங்கிலம் தெரிந்தவர், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். அதுவேதான் கேள்வியும்! தகப்பன் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார், தாய் கார்மெண்டுக்குப் போகிறாள் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி?

இரண்டு மணிக்கு ஒரு முறை

நடக்க முடியாது என்பதுதான் வெளியே தெரியும் துன்பம். வீட்டுக்குள் நடப்பது வேறு. சிறுநீர் தானாக வராது; குழாய் வைத்து எடுக்க வேண்டும். மலம் கழிக்கவும் உதவி வேண்டும். உணர்ச்சி இல்லாததால் ஒரே பக்கமாகப் படுத்தால் தோல் நசுங்கிப் புண்ணாகும். வலிக்காது. எலும்பு வரை போன பிறகுதான் தெரியும். எத்தனையோ பேர் அடிபட்டதால் சாகவில்லை. இந்தப் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்க் கோளாறாலும்தான் செத்தார்கள்.

இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-ல் இதற்கென்று தனி வார்டு தொடங்கினார். முதுகு ஒடிந்த சிப்பாய்கள் ஓரிரு வருஷத்தில் இறந்துவிடுவார்கள் என்றே அந்தக் காலத்து டாக்டர்கள் நினைத்தார்கள். குட்மன் விடவில்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். புண் ஆறியது. எழுந்து உட்கார்ந்தவர்கள் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948-ல் அவர் நடத்திய அந்தப் பந்தயத்திலிருந்துதான் இன்றைய பாராலிம்பிக் பிறந்தது.

அந்த வழியில் போனவர்தான் ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர். 1965 யுத்தத்தில் குண்டடிபட்டவர். 1972-ல் ஜெர்மனியில் நீந்தி, இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

நம் ஊரிலும் இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆவடியில் ரெயில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம். பக்கத்தில் வேலூர். அங்கே 1954-ல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் "இனி ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்குக் கூட்டி வருகிறார்களே, அதுதான் தவறு. புரட்டுவது எப்படி, நாற்காலிக்கு மாறுவது எப்படி, குழாயைச் சுத்தமாக வைப்பது எப்படி என்று தாயும் பிள்ளையும் கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும்.

அரசு தரும் மாத உதவித்தொகை ஒன்று உண்டு. ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால், அவர்கள் சென்னை அலுவலகத்துக்குப் போக வேண்டும். தொகை வருவது நல்லதுதான். ஆனால் பிள்ளையைப் பார்க்கத் தாய் வேலையை விட்டால் அந்தச் சம்பளம் போகிறது. உதவித்தொகை அதில் ஒரு மூலைக்குத்தான் காணும். பகலில் நாலு மணி நேரம் பார்த்துக்கொள்ள, பழகிய ஆள் ஒருவரை அரசே அனுப்பினால் தாய் வேலைக்குப் போவாள். குடும்பம் நிமிரும்.

'அய்யோ பாவம்' வேண்டாம்

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். "அய்யோ, எப்படி ஓடின பிள்ளை!" என்று அவன் காதுபடவே அழுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களும் வருவது இல்லை. அவனோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். பதினைந்து வயது. அறிவு முன்போலவே இருக்கிறது. கணக்கு வரும். ஆட்டத்தின் நுணுக்கம் தெரியும். கிரவுண்டு ஓரத்தில் நாற்காலியைப் போட்டால், சின்னப் பையன்களுக்குச் சொல்லித்தர அவனைவிட யார்?

ஆய்க்குடி ராமகிருஷ்ணனும் ஒரு காலத்தில் அப்படிப் படுத்திருந்தவர்தான். 1975-ல் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போய், உயரத்திலிருந்து குதித்ததில் கழுத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே செயல் இல்லை. 1981-ல் சொந்த ஊரில் ஓர் ஓலைக்கொட்டகை போட்டு, 5 குழந்தைகளுடன் பள்ளி தொடங்கினார். தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை அதற்கு வைத்தார். இன்றைக்கு அமர் சேவா சங்கம் என்றால் தென்காசிப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

விளையாட்டையே நிறுத்திவிடலாமா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. வேண்டியது இல்லை. அமெரிக்காவில் ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் ஒரு வகைப் புட்பால் ஆடுகிறார்கள். பள்ளிப் பையன்கள் பலர் அதில் கழுத்தை ஒடித்துக்கொண்டார்கள். 1976-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: தலையை முன்னே நீட்டி எதிராளியை முட்டக் கூடாது. அதன் பிறகு கழுத்து ஒடிவது வெகுவாகக் குறைந்தது. ஆட்டம் நிற்கவில்லை.

மூன்று படி

பையன் தேறி, நாற்காலியில் உட்காரப் பழகிவிட்டான். பழைய பள்ளிக்கூடத்துக்கே போக ஆசைப்படுகிறான். வாசலில் மூன்று படி. "வீட்டிலேயே படிக்கட்டுமே, இங்கே சிரமம்" என்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்து பெயர் போய்விடுகிறது.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. பள்ளிக் கட்டிடத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் வரும்படி வழி இருக்க வேண்டும். பழைய கட்டிடங்களைத் திருத்த 5 ஆண்டு தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை 2022-லேயே முடிந்துவிட்டது.

மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது சாய்வுப் பாதைக்கு உள்ள கணக்கு. ஆக, 18 அடி நீளத்துக்கு ஒரு பாதை. கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சிமெண்டு, ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் முடியும். முன்னாள் மாணவர்கள் கையைக் கோத்தால் பள்ளிக்கூடம் ஒரு காசு போட வேண்டாம். கோடை விடுமுறையில் கட்டினால், ஜூனில் மணி அடிப்பதற்குள் காய்ந்துவிடும்.