சுவையறிந்து கூறல்

மதுவைச் சுவைத்து அதன் நலந்தீங்கு கூறுவதை மேனாட்டார் ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழியைக் கற்பிக்கும் யாம் அக்கலையைப் பேசப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். யவனர் தந்த தேறலை அருந்தி மகிழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்தினாரே என்று சமாதானம் கூற யாம் வரவில்லை. மதுவை யாம் அறியோம். அதனைச் சுவைப்போரிடத்துள்ள நேர்மை நூல்களைச் சுவைக்கும் எம்மிடத்து உண்டா என்பதே எம் வினா.

1976 மே 24ஆந் திகதி, பாரிசு மாநகரிலே ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர் பிரெஞ்சுச் சுவைஞர் ஒன்பதின்மர் முன்னிலையிற் செந்திராட்சை மது பத்தினைப் பெயர் மறைத்து வைத்தார். நான்கு பிரான்சின் போர்தோ நிலத்தவை, ஆறு கலிபோர்னியாவினவை. சுவைஞர் இருபதுக்குப் புள்ளி இட்டனர். முடிவில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஸ் லீப்; பெரும்புகழ் வாய்ந்த 1970ஆம் ஆண்டு மூத்தோன் ரொத்சில்ட் அதற்கு அடுத்தே நின்றது. புட்டியின் பெயர் தெரிந்திருப்பின் தீர்ப்பு இவ்வாறு அமைந்திருக்குமோ?

இத்தகைய சுவைஞரைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கொழும்பிலே 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம் 2020இல் மின்னணு முறைக்கு மாறியது; ஆயினும் தேயிலையை மதிப்பிடுவது இன்றும் மனித நாவேயாம். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் அளந்திட்ட தேயிலைமீது கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடிவைப்பர். சீனி சேர்ப்பதில்லை, சேர்த்தாற் குறை மறைந்துவிடும். சுவைஞர் கரண்டியால் முகந்து, ஓசையெழ உறிஞ்சி, நாவிற் பரப்பி, உமிழ்ந்துவிட்டுத் தீர்ப்புக் கூறுவர். கருகல், புகைநாற்றம், சாரமின்மை எனக் குறையைப் பெயரிட்டே உரைப்பர். அதுகேட்ட தொழிற்சாலையார், வாட்டுதலிலோ நொதித்தலிலோ உலர்த்துதலிலோ நேர்ந்த தவற்றைத் திருத்துவர். ஆண்டுக் குறை கூறல் பகையன்று. அடுத்த கொழுந்துக்குச் செய்யும் உதவி.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன்னர், பாமன்கடையிலுள்ள எம் இல்லத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் தம் கவிதைக் கையெழுத்துப் படியுடன் வந்தார். யாப்புத் தளர்ந்திருந்தது, கருத்து இரவலாய் இருந்தது. எனினும் அவர் முகமலர்ச்சியைக் கண்டு, "நன்று தம்பி, அச்சிடுக" என்றோம். அவர் கடன்பட்டு ஐந்நூறு படிகள் அச்சிட்டார். பெரும்பாலானவை அவர் அலுமாரியிலேயே தங்கின. பின்னொருநாள் அவர் எம்மை நோக்கி, "ஐயா, என் கட்டுரையில் ஓர் ஒற்றுப்பிழையையும் விடாது சிவப்பு மையாற் சுழித்தீர்களே. அன்று மட்டும் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்றார். யாம் விடையின்றி நின்றோம். அன்பு என்று யாம் எண்ணியது எம் கோழைத்தனமே.

இப்பிழை எம்மொருவருடையது மட்டுமன்று. வெள்ளவத்தை மண்டபங்களில் நிகழும் நூல் வெளியீடுகளில், ஆய்வுரை என்னும் பெயரால் வாழ்த்துரையே வழங்கக் கேட்கின்றோம். நூலை விடுத்து நூலாசிரியரின் பட்டத்தையும் பதவியையும் ஊரையும் சுவைக்கின்றோம். சீனி மிகுந்த தேநீரில் தேயிலையின் தன்மை எங்ஙனம் தோன்றும்?

ஆதலின் இரண்டு நெறிகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். மலருக்குக் கவிதையும் கட்டுரையும் தெரிவோர் எழுதியவர் பெயரை மறைத்துப் படிப்பார்களாக. பரீட்சை விடைத்தாள்களுக்குச் சுட்டெண் இட்டுச் செய்வது இதுதானே. குறை கூறுவோர், அது எவ்விடத்து நேர்ந்தது, எங்ஙனம் திருந்தும் என்பதையும் சேர்த்துக் கூறுவார்களாக. சுவைஞர் தேயிலையை ஏசுவதில்லை. யாமும் எழுதியவரை ஏச வேண்டா.

இச்சிறு கட்டுரையிலும் கருகலோ சாரமின்மையோ காணப்படின் பழைய மாணவ அன்பர்கள் எழுதித் தெரிவிப்பார்களாக. சிவப்பு மை ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று.