நட்டம் யாருடைய பெயரில்?



மழை பிந்திவிட்டது என்ற பேச்சு ஐப்பசி மாதத்தில் எமது ஊர்களில் வழக்கமாக எழுவதுதான். ஆனால் இப்போது கிராமங்களுக்குப் போகும்போது நான் கேட்கும் முறைப்பாடு வேறு. "மழை இல்லையெண்டு சொல்லேலாது பிள்ளை. வேண்டிய நேரத்தில இல்லை" என்கிறார்கள் வயதான அம்மாமார்.

அவர்கள் சொல்வது சரி. யாழ் குடாநாட்டுக்கு வருடத்தில் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்துவிடும். அந்த மூன்று மாதங்களும் இன்று ஒழுங்கில் இல்லை. 2008 நவம்பர் 25 ஆம் திகதி, நிசா புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பதிவானது. ஒரு வருட மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரு நாளிலே! 2016 இல் மாரி பொய்த்தது, 2017 வரட்சியில் கழிந்தது. 2024 நவம்பரில் மீண்டும் வெள்ளம்.

எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. நிலத்தின் கீழ் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். ஆறுதலாகப் பெய்யும் மழை உள்ளே இறங்கும். ஒரே நாளில் கொட்டும் மழையோ வீதியாலும் வாய்க்காலாலும் கடலுக்கு ஓடிவிடும். ஆகவே வெள்ளம் வந்த வருடத்திலேயே ஆடி, ஆவணியில் கிணறு உவர்த்தால் அதில் வியப்பில்லை. தண்ணீர் குறைந்த நேரத்தில் கூடுதலாக இறைத்தால் உப்பு இன்னும் மேலே ஏறும்.

இறைப்பதும் மலிவாக இல்லை. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் 340 ரூபாவாயிற்று. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயைப் போத்தலில் அளந்து மிசினுக்கு ஊற்றிய எமக்குச் சிக்கனம் யாரும் கற்பிக்கத் தேவையில்லை. வெங்காயம், மிளகாய் செய்யும் பெண்கள் பலர் வெயில் தணிந்த பிறகே இறைக்கிறார்கள். பயிரின் அடியில் வைக்கோலும் சருகும் பரப்பி ஈரத்தைக் காக்கிறார்கள்.

நெல்லில்தான் அடி பலமாக விழுகிறது. எமது வயல்கள் மழையை நம்பி ஒரு போகம் மட்டும் விளைபவை. தென்மராட்சியில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, கணவர் 2009 இல் காணாமற்போனவர், உறவினரின் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார். ஒரு வருடம் புரட்டாதிக் கடைசியில் புழுதியில் விதைத்தார். முதல் மழைக்கு முளைத்த பயிர் அடுத்த மூன்று கிழமை வெயிலில் கருகியது. மகளின் சங்கிலியை அடைவு வைத்து மறுபடி விதைத்தார். அதை வெள்ளம் மூடியது.

அதன்பின் அவர் வயலை இரண்டாகப் பிரித்துவிட்டார். பள்ளமான பாதியில் தண்ணீர் நின்றாலும் தாங்கி உயரமாக வளரும் மொட்டைக்கறுப்பன். மேட்டுப் பாதியில் மூன்று மாத இனம், அதையும் மழை நன்றாகப் பிடித்த பிறகே விதைக்கிறார். வரம்பை ஒரு சாண் உயர்த்தியிருக்கிறார். மொட்டைக்கறுப்பனில் விளைச்சல் குறைவுதான். ஆனால் முழுவதும் ஒரே நாளில் அழியாது என்பது அவரது கணக்கு. பெரிய திட்டங்கள் பலவற்றிலும் பார்க்க இந்தக் கணக்கு எனக்குப் புத்தியாகப் படுகிறது.

ஆனால் அழிவு நேர்ந்த வருடத்தில் நட்டஈட்டுக்குப் பதியப் போனபோது, அந்த வயலுக்கு நேராக இருந்தது வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் பெயர். "விதைச்சது நான், அடைவு வைச்சது நான், நட்டம் மட்டும் அவருக்கோ மிஸ்?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவரின் கதையல்ல. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களில் பலர் வாய்ப்பேச்சுக் குத்தகையில்தான் பயிர் செய்கிறார்கள். நட்டத்தை அடைக்கக் கிழமைக் கடன் எடுக்கிறார்கள். வரட்சி மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாதிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை போயிருந்தது.

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, காணி இடாப்பில் சொந்தக்காரருடன் குத்தகைக்குச் செய்பவரின் பெயரையும் பதியலாம். சொந்தக்காரர்கள் இதற்குப் பின்னடிக்கிறார்கள். பதிந்த வயற் குத்தகையாளரை இலகுவில் எழுப்ப முடியாது என்பதே அவர்களின் பயம். அந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. உறவு முறியாமல் பேச வேண்டிய விடயம் இது. பதிவுக்கு இணங்காவிட்டால், இந்தப் போகம் இந்த வயலை இன்னார் செய்கிறார் என்று ஒரு கடிதமாவது கேட்டு வாங்குங்கள். அது இடாப்புக்கு ஈடாகாது. ஆனால் வெறுங்கையுடன் நிற்பதிலும் நல்லது.

காலபோகத்துக்கு முன் நடக்கும் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்கும் போங்கள். எப்போது விதைப்பது, எந்த வாய்க்காலைத் துப்புரவாக்குவது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். அடையாள அட்டையையும், கடந்த போகம் விதைநெல், உரம் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் கொண்டு செல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாதவர்கள், உங்கள் விதைப்பை நேரில் கண்ட அயல் வயல்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு போய், கூட்ட அறிக்கையில் உங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.