3 லட்சத்துக்கு பென்ஸ் கார்! ஏலத்தில் 'மூணு தரம்' சொல்வதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

புதுசா வாங்கினா அரை கோடியைத் தாண்டும் பென்ஸ். அதே நட்சத்திர சின்னத்தோட ஒரு பழைய கார், ஏல அறிவிப்பில் 3 லட்சம் ரூபாய்க்கு நிற்கிறது. புகைப்படத்தில் பெயின்ட் பளபளக்கிறது, லெதர் சீட் கிழியவில்லை. சின்ன ஹேட்ச்பேக் வாங்கற காசுல பென்ஸா என்று யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் ஏலத்தில் சொல்லப்படும் விலை, அந்த காரின் முழு விலை அல்ல. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொடங்கி மெக்கானிக் ஷெட் வரை, மீதி விலையை தவணை தவணையாகக் கட்ட வேண்டியிருக்கும். சில நேரங்களில் கார் சாலைக்கே வராமல் போகலாம். அது ஏன்? விளக்கமாகப் பார்க்கலாம்.

சொகுசு கார் ஏன் இவ்வளவு மலிவு?

காரின் மதிப்பு வருஷா வருஷம் குறையும். பராமரிப்பு செலவு குறையாது. 50 லட்சம் ரூபாய் கார் 20 வருஷம் கழிச்சு 3 லட்சத்துக்கு வந்தாலும், அதன் உதிரி பாகங்கள் 50 லட்சம் ரூபாய் காருக்கான விலையில்தான் கிடைக்கும். இதனால் முதல் இரண்டு உரிமையாளர்களுக்குப் பிறகு வாங்க ஆள் குறைகிறது, விலை சரிகிறது.

எல்லா பழைய சொகுசு காரும் ஒரே மாதிரி கிடையாது. மெர்சிடிஸ் பென்ஸ் 1995-ல் புனேயில் ஒருங்கிணைத்து விற்கத் தொடங்கிய 'டபிள்யூ124' ரக இ-கிளாஸ், எளிமையான இயந்திர அமைப்புக்குப் பெயர் போனது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் அதை விரும்புகிறார்கள். ஆனால் 1990-களின் முற்பகுதியில் தயாரான சில பென்ஸ் இன்ஜின்களில், வயரிங்கின் மேலுறை வெப்பத்தில் பொடிந்து உதிரும் பிரச்சனை உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது.

1998-ல் அறிமுகமான 'டபிள்யூ220' எஸ்-கிளாஸ் காரில் சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன். பயணம் மெத்தை மாதிரி இருக்கும். காற்று கசிய ஆரம்பிச்சா, காலையில் கார் ஒரு பக்கமாக தரையோடு படுத்துக் கிடக்கும். அதை முழுசா சரி செய்யும் செலவு, ஏலத்தில் கொடுத்த விலைக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

யாரெல்லாம் ஏலம் விடுகிறார்கள்?

1. வங்கிகள், நிதி நிறுவனங்கள்: கடன் தவணை கட்டாததால் பறிமுதல் செய்த கார்கள்.

2. காப்பீட்டு நிறுவனங்கள்: பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த கார் 'முழு இழப்பு' கணக்கில் சேரும். உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, கார் ஏலத்துக்குப் போகும். 2015 சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ஆகியவற்றில் மூழ்கிய கார்கள் பலவும் இந்த வழியாகத்தான் கைமாறின.

3. அரசுத் துறைகள்: அமலாக்கத்துறை, சுங்கத்துறை, காவல்துறை. தமிழ்நாட்டில் மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வாகனங்களை மாவட்ட காவல்துறை அவ்வப்போது ஏலம் விடுவதும் இதில் அடங்கும்.

4. பழங்கால கார்களுக்கான தனியார் ஏல நிறுவனங்கள்.

'உள்ளது உள்ளபடி' என்றால் என்ன?

ஏல அறிவிப்பில் மிக முக்கியமான வரி இதுதான். கார் எந்த நிலையில், எந்த இடத்தில் நிற்கிறதோ, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இன்ஜின் ஓடவில்லை, கியர் பாக்ஸ் போச்சு என்று திருப்பித் தர முடியாது. வாரன்டி கிடையாது. பணம் கட்டாமல் பின்வாங்கினால் முன்வைப்புத் தொகையும் போய்விடும்.

2019 ஏப்ரலில் வைர வியாபாரி நீரவ் மோடியின் 13 கார்களை அமலாக்கத்துறை, மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் மூலம் இணையத்தில் ஏலத்துக்குக் கொண்டு வந்தது. அதில் ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காரின் தொடக்க விலை மட்டும் 1.33 கோடி ரூபாய். கோடி ரூபாய் கொடுப்பவரும் காரை நேரில் பார்க்கலாம், ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அப்போதும் விதி. மூணு லட்ச ரூபாய் காருக்கு மட்டும் விதி மாறிவிடாது.

கார் கைக்கு வந்தாச்சு. ஆர்.சி. வருமா?

பலர் சிக்குவது இந்த இடத்தில்தான்.

வங்கி பறிமுதல் செய்த காரில், பழைய உரிமையாளர் ஆர்.சி.யைக் கொடுக்க மறுக்கலாம், அல்லது ஆளே தலைமறைவாகி இருக்கலாம். அப்போது மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-வது பிரிவின்படி, வங்கி படிவம் 36 கொடுத்து தன் பெயரில் புதிய ஆர்.சி. பெற வேண்டும். அதன் பிறகுதான் ஏலம் எடுத்தவர் பெயருக்கு மாறும். வங்கி அதைச் செய்துவிட்டதா என்று ஏலத்துக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்பது நல்லது. கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கிடைக்க வேண்டும்.

அரசு நடத்தும் பொது ஏலம் என்றால் வழி வேறு. காரைப் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32-ல் விண்ணப்பிக்க வேண்டும். ஏலத்தை உறுதி செய்யும் சான்று, ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசு உத்தரவின் நகல் இரண்டும் தேவை.

இன்னொரு விஷயம். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு, 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். பழைய அரசு காரை ஆசையாக ஏலம் எடுத்து ஓட்டலாம் என்ற கணக்கு இனி செல்லாது.

டெல்லி நம்பர் கார் மலிவா கிடைக்குதே?

டெல்லி மற்றும் தேசிய தலைநகர் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வாகனங்களுக்கும், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வாகனங்களுக்கும் தடை என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாய உத்தரவை, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டுமே என்று மாற்றியது. கிளாசிக் ரக சொகுசு கார்கள் எல்லாம் அதற்கு முந்தையவை. அதனால்தான் அங்கே விலை சரிகிறது.

அந்த காரை இங்கே கொண்டு வர, அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று கட்டாயம். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி, புதிய பதிவெண் செலவும் சேரும். சான்று கைக்கு வராமல் பணம் கொடுத்தால், மிஞ்சுவது வீட்டு வாசலில் நிற்கும் அலங்காரப் பொருள்தான்.

'கிளாசிக்' கார் என்றால் சலுகை உண்டா?

இல்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவு செய்து 50 ஆண்டுகள் கடந்து, பெரிய மாற்றம் செய்யாத கார்தான் 'விண்டேஜ்'. அதற்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 'வி.ஏ.' என்ற தனி வரிசை எண் தரப்படும், 10 ஆண்டுகள் செல்லும். அதையும் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

1995-ல் பதிவான பென்ஸ் அந்தத் தகுதியைப் பெற 2045 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய கார்தான்.

உண்மையான கணக்கு என்ன?

உதாரணத்துக்கு, இந்தியாவில் ஒருங்கிணைத்த 1998 மாடல் பென்ஸ். ஏலத் தொகை 3 லட்சம். ஆர்.சி. காலாவதியாகி 2 வருஷம் என்று வைத்துக்கொள்வோம்.

- ஏலத் தொகை: ரூ.3,00,000
- அறிவிப்பில் ஜி.எஸ்.டி. தனி என்று இருந்தால், 18% வீதம்: ரூ.54,000
- 20 ஆண்டு தாண்டிய காருக்கு பதிவு புதுப்பிப்பு (2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட கட்டணம்): ரூ.10,000
- தாமதக் கட்டணம், மாதம் ரூ.500 வீதம் 24 மாதம்: ரூ.12,000
- 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ரூ.7,897, வரியுடன்: சுமார் ரூ.9,300

மொத்தம் சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம். இதில் பசுமை வரி, காரை இழுத்து வரும் செலவு, டயர், பேட்டரி, ஆயில் எதுவும் சேரவில்லை. இன்ஜினை இன்னும் தொடவே இல்லை. அதே கார் இறக்குமதி செய்யப்பட்டது என்றால் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 அல்ல, 80,000 ரூபாய்.

ஏலம் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

- பரிவாகன் தளத்தில் ஆர்.சி. நிலை, கடன் பதிவு, கட்டாத அபராதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
- சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் சரிபார்க்க வேண்டும்.
- அந்த ரக காரை ஏற்கெனவே பிரித்துப் பார்த்த மெக்கானிக்கை கூடவே அழைத்துப் போக வேண்டும். தெருமுனை ஷெட் அனுபவம் இதற்குப் போதாது.
- தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சேறு, துரு, பூஞ்சை வாடை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். சொகுசு கார்களில் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் மின்னணுப் பெட்டிகள் இருப்பதால், முட்டளவு தண்ணீரே பெரிய சேதம் செய்துவிடும்.
- தனக்கான உச்ச விலையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். எதிரில் ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போகும்போது, 'இன்னும் பத்தாயிரம்தானே' என்று தோன்றும்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. சர்வீஸ் ரெக்கார்டு சரியாக இருந்து, பேப்பர்களும் சுத்தமாக இருந்தால், பழைய சொகுசு கார் தரும் பயண சுகத்தை அதே விலையில் வேறு எந்த காரும் தராது. ஏலத்தில் கொடுத்த அளவுக்கு இன்னொரு பங்கு பணம் கையில் தனியாக இருந்து, தினசரி ஓட்ட வேறு வண்டியும் இருப்பவர்களுக்கு இது அழகான பொழுதுபோக்கு.

கையில் இருப்பதே அந்த 3 லட்சம்தான், அதுவும் வீட்டுக்கு ஒரு கார் வேணும் என்று சேர்த்த பணம் என்றால், ஒரு தரம், ரெண்டு தரம் கேட்டுவிட்டு, மூணாவது தரத்துக்கு முன் கையைக் கீழே இறக்கிக்கொள்வதே லாபம்.