கந்தரப்பமும் கொழுப்பு மாத்திரையும்

காரைக்குடியில் உறவினர் வீட்டுச் சாந்தி கல்யாணம். முதல் நாளே வளவு நிறைய ஆட்கள். வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கந்தரப்பம் என்று பலகாரம் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஆசையாகச் சாப்பிட்ட ஆச்சி ஒருவரை மறுநாள் சடங்கு நேரத்தில் காணோம். பெரிய வீட்டில் கழிவறை பின்கட்டில்தானே இருக்கும்? அங்கும் இங்குமாக நாலு நடை நடந்திருக்கிறார். கடைசியில் புதுக் கண்டாங்கியை மாற்றிக்கொண்டு வந்து, வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னார். எல்லோரும் சமையல்காரரைத் திட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து, பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னிடம் உண்மையைச் சொன்னார். உடம்பு குறைய, டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாராம். அட்டையைப் பார்த்தேன். ‘ஆர்லிஸ்டாட்.’

கொழுப்பைச் செரிக்கவைக்கும் லைப்பேஸ் என்ற என்சைமை இந்த மருந்து குடலில் தடுக்கிறது. 120 மில்லிகிராம் மாத்திரை என்றால், சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவிகிதம் உடம்பில் சேராது. சேராதது எங்கே போகும்? எண்ணெயாகவே வெளியே வரும். அடக்க முடியாத அவசரம், வாயு பிரியும்போது எண்ணெய்க் கசிவு, துணியில் கறை. மருந்து கெட்டுப்போனதால் இப்படி ஆகவில்லை. அது வேலை செய்வதே இப்படித்தான்.

அமெரிக்காவில் 2007-ல் இதன் 60 மில்லிகிராம் மாத்திரை ‘ஆலி’ என்ற பெயரில் சீட்டில்லாமல் விற்பனைக்கு வந்தது. பழகும்வரை அடர்நிற பேன்ட் போடுங்கள், மாற்றுத் துணி வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்ற நிறுவனமே யோசனை சொன்னது! வேளைக்குச் சுமார் 15 கிராம் கொழுப்புக்குள் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே ஏறக்குறைய 14 கிராம் இருக்கிறது. கந்தரப்பமோ எண்ணெயில் முங்கி எழுவது.

சேலைக் கறையைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. ஆச்சிக்குத் தைராய்டு உண்டு. காலையில் தைராய்டு மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராமல் போகலாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். அரிதாகக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்று 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அட்டையிலேயே எச்சரிக்கை சேர்க்கவைத்தது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு அரித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன்? ஒரு வருடம் சாப்பாட்டையும் குறைத்து இதையும் சாப்பிட்டால், வெறும் டயட் இருப்பவரைவிடச் சராசரியாக 3 கிலோ போலக் கூடுதலாகக் குறையும்.

ஆர்லிஸ்டாட்டாவது கறையால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின், ‘மூலிகை’ என்று விற்கப்படும் மெலியும் மாத்திரைகளில் ஒளிந்திருந்து வெளிநாட்டுச் சோதனைகளில் பலமுறை சிக்கியிருக்கிறது. அட்டையில் அதன் பெயரே இருக்காது.

ஆச்சி இப்போது அட்டையோடு டாக்டரைப் பார்த்துவிட்டார். சமையல்காரரிடம்தான் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.