சராசரி யாருக்கு?

புள்ளியியல் என்றதும் கூட்டுச் சராசரியைக் கண்டுவிட்டுப் பேனாவை மூடிவிடுவோர் பலர். ஒரு தெருவில் ஒன்பது கூலிக் குடும்பங்களுக்கு மாத வருமானம் தலா 8,000 ரூபாய்; பத்தாமவரான நெல்மண்டிக்காரருக்கு 1,28,000 என்று கொள்வோம். சராசரி 20,000! அத்தொகையைக் கண்டறியாத கூலி வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். சராசரியைக் காட்டி உதவித்தொகையை மறுத்தால், படிப்பை நிறுத்துபவன் மண்டிக்காரர் மகனல்லன். இடைநிலை அளவோ 8,000 என்று உள்ளதைச் சொல்லிவிடும்.

விவரத்தின் இனமறிந்தே முறையைத் தேர வேண்டும். பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என அளவைகளை நான்காக 1946-இல் வகுத்தார் ஸ்டீவன்ஸ். இரு நடுவர்களின் தரவரிசைகளை ஒப்பிட, ஸ்பியர்மன் 1904-இல் தந்த தர ஒட்டுறவுக் கெழு இருக்கிறது. குருதி வகைக்கோ முகடுதான் பொருந்தும். நான்கு வகைகளுக்கும் 1, 2, 3, 4 என்று எண்ணிட்டுக் கொடுத்தால், கணிப்பொறி தயங்காமல் 2.4 என்று ஒரு சராசரி தரும். அது யாருடைய குருதியாம்?